அரிய வௌவால்களைத் தேடிக் கணக்கெடுத்தல்

மாணவர்களே, ஓர் உயிரினத்தைப் பாதுகாக்க வேண்டுமாயின் அது எங்கே வாழ்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இருளில் பறக்கும் அரிய வௌவாலை எவ்வாறு தேடுவது? ருவாண்டா நாட்டின் நியுங்வே மழைக்காட்டில் நடைபெற்ற ஆய்வை உதாரணமாகக் கொள்வோம்.

அழிவின் விளிம்பிலுள்ள ‘ஹில்லின் குதிரைலாட வௌவால்’ 1981 இன் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. அது அழிந்துவிட்டதோ என அஞ்சப்பட்டது. 2019 ஜனவரியில் ஆய்வுக் குழுவொன்று அதனை மீண்டும் கண்டது.

1. பிடித்தல்: வௌவால் பறக்கும் பாதைகளில் இரவில் பொறிகளும் நுண்ணிய வலைகளும் வைக்கப்படும். பிடிபட்டவை அளக்கப்பட்டு மீண்டும் பறக்கவிடப்படும்.

2. ஒப்பிடுதல்: தோற்றத்தில் ஒத்த இனங்கள் பல உள்ளன. எனவே அளவீடுகள் நூதனசாலை மாதிரிகளுடன் ஒப்பிடப்பட்டன. உறுதிசெய்யப்பட்ட முடிவு 2022 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டது.

3. ஒலியைப் பதிதல்: இவ்வௌவால் எமக்குக் கேளாத கழியொலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிகின்றது. இவ்வினத்தின் ஒலி அப்போதுதான் முதன்முறையாகப் பதியப்பட்டது. பின்னர் காட்டில் ஒலிப்பதிவுக் கருவிகள் வைக்கப்பட்டன. சுமார் 2½ இலட்சம் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, எட்டு இடங்களில் மாத்திரமே அதன் ஒலி கேட்டது. அவையும் ஒரு சிறிய பரப்பினுள்ளேயே இருந்தன.

அச்சிறு பரப்பு அழிந்தால் இனமே அழியக்கூடும். எதனை முதலில் காக்க வேண்டும் என்பதைக் கணக்கெடுப்பே காட்டிற்று.

கவனிக்க: விடையில் முறைகளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பாதுகாப்பிற்கு எவ்வாறு உதவுகின்றது என்பதையும் எழுதுங்கள். பலர் புள்ளிகளை இழப்பது அவ்விடத்திலேதான்.