கடைக்கும் வீட்டுக்கும் இன்டர்நெட்: எங்கே கம்பி, எங்கே வைஃபை?

களியக்காவிளைக்கு அந்தப்புறம் சரக்கு அனுப்பும் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இன்டர்நெட் என்பது பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. ரூ.50,000-க்கு மேற்பட்ட, வரியுள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக வேண்டுமானால் இ-வே பில் அவசியம். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. மல்லியும் வற்றலும் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. டிரைவர் வாசலில் நிற்கிறார். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலை நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான். லாரி நின்றால் வாடகை ஏறும். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போகும். ஆகவே தராசைப் பார்த்துப் பார்த்து வாங்குவது போல இதையும் விஷயம் தெரிந்து போட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. அப்போதெல்லாம் டெலிபோன் லைன் வழியாக டயல் செய்து இணைக்க வேண்டும். இணைப்பில் இருக்கும் வரை போன் எங்கேஜ்டாகவே இருக்கும். போனில் ஆர்டர் எடுக்கும் மொத்தக் கடைக்கு அது கடையை மூடி வைப்பதற்குச் சமம். 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் கொண்டுவந்த பிறகு, அதே செம்புக் கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் ஒருசேர வந்தன. இப்போது பெரும்பாலும் ஃபைபர்தான். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செய்தி வருகிறது.

கண்ணாடி என்பதால் அதைச் செம்புக் கம்பி போல மடக்கி ஆணியடிக்கக் கூடாது. மூலையில் திருப்பும்போது ஒரு காபி தம்ளரின் வாய் அளவுக்காவது வளைவு இருக்கட்டும். நம் பகுதியில் காற்றுக்குக் குறைவில்லை, தென்னைகளுக்கும் குறைவில்லை. தென்னையில் கட்டி இழுத்த ஃபைபர், மட்டை விழுந்தால் அறுந்துவிடும். பலசரக்குக் கடைக்கு இன்னொரு பகை எலி. கிட்டங்கிக்குள் வரும் கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விடாமல் வைத்தால், மூட்டையைக் கடிக்கிற எலி அதையும் கடிக்கும். பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வேகம் இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கம்பெனியைக் குறை சொல்லி, அதிக வேகமுள்ள பிளானுக்கு மாறி, பழைய நிலையிலேயே இருக்கிறார்கள்.

காரணம், பெட்டி இருக்கும் இடம். கேபிள் எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். வைஃபை என்பது ரேடியோ அலை. தகரம் அதை மறிக்கும். எண்ணெய் டின்களை வரிசையாக அடுக்கிய ரேக்கின் பின்னால் பெட்டியை வைத்தால், டின் சுவருக்கு அந்தப்புறம் அலை சரியாகப் போகாது. இரும்பு ஷட்டர், பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படித்தான். பழைய வீடுகளின் கனத்த கல் சுவர் ஒன்றைக் கடப்பதற்குள் அலை பாதி தளர்ந்துவிடும். ஆகவே பெட்டியைத் தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், கூடுமானவரை நடுவில் வைக்க வேண்டும். வற்றல் தூசியும் மாவுத் தூசியும் படியாத இடமாக இருப்பதும் முக்கியம். அதற்காகக் கேபிளை இன்னும் பத்து மீட்டர் இழுக்கச் சொன்னால் லைன்மேன் சலித்துக்கொள்வார், விடாமல் கேளுங்கள்.

பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது நகரப் போவதில்லை. நகராத கம்ப்யூட்டர், கேமரா ரிக்கார்டர், பிரின்டர் எல்லாவற்றுக்கும் லேன் கேபிள் போடுங்கள். நகருகிற செல்போனுக்கு வைஃபை போதும். பக்கத்துக் கடைகளின் வைஃபை எத்தனை குறுக்கே வந்தாலும் கம்பியில் போகிறதை அது தொடாது.

கொட்டாரம் போன்ற ஊர்களில் முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருப்பவர்கள் ஒரே இணைப்பை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். வைஃபை பின்கட்டுக்கு எட்டவில்லை என்று ரிப்பீட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அலையை வாங்கி மறுபடி அலையாகவே அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிட, கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரூட்டர் வைப்பது மேல். 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாங்கும். ஆனால் தெருவைத் தாண்டி, வெட்டவெளியில் வேறு கட்டடத்துக்குப் போவதானால் செம்புக் கேபிள் வேண்டாம். இரண்டு பருவ மழையும் இடியும் உள்ள மாவட்டம் இது. அருகில் விழும் மின்னல் செம்பு வழியாக இரண்டு பக்கப் பெட்டிகளையும் பொசுக்கிவிடும். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனாலும் கரண்ட் லைன் வழியாக மின்னல் வரும் என்பதால், இடி முழங்கும்போது அடாப்டரைப் பிடுங்கி வைப்பதே நல்லது.

வைஃபையில் இரண்டு பெயர்கள் தெரியும். 2.4 என்பது தூரம் போகும், வேகம் குறைவு. 5 என்பது வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். கல்லாப் பக்கம் 5, பின்கட்டுக்கு 2.4.

விளம்பரத்தில் 40 எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு விநாடிக்கு 40 மெகாபிட். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே கைக்கு வருவது விநாடிக்கு 5 மெகாபைட். நம் பில்லுக்கும் ஜி.எஸ்.டி. வேலைக்கும் இதுவே தாராளம். வீட்டுப் பிள்ளைகள் படம் பார்ப்பதற்குத்தான் அதற்கு மேல் வேண்டும்.

க்யூ.ஆர். அட்டையில் பணம் வருவதற்கு நம் இணைப்பு காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தம் போன் சிக்னலில் அனுப்புகிறார். சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டிக்குள் பெரும்பாலும் தனி சிம் இருக்கிறது. சிக்னல் கிடைக்காத கடையாக இருந்தால் வாடிக்கையாளருக்கு 'கெஸ்ட்' என்ற தனி வைஃபை திறந்து கொடுக்கலாம். பில் கம்ப்யூட்டர் இருக்கும் வைஃபையின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. போர்டில் எழுதிய போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது போன்றது. ரூட்டரோடும் கேமராவோடும் வந்த பாஸ்வேர்டுகளையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்பத்தை நம்பிய கேபிளின் கதி அதுதான். ஆகவே கேபிள் ஒரு கம்பெனியுடையது என்றால், ஹாட்ஸ்பாட் போடும் சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். சாதாரண மின்வெட்டுக்கு, பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் போட்டால் போதும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரூட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. பெட்டியின் அடியில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

இணைப்பை எந்தப் பெயரில் எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கடையின் பெயரிலும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் வந்தால், வியாபாரத்துக்குப் பயன்படும் பங்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்கலாம். வீட்டுக்காரர் பெயரில் எடுத்தால் அது போய்விடும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் எந்தப் பெயரில் எடுத்தாலும் ஒன்றுதான்.