கம்ப்யூட்டர் கம்பெனி செல்போன் சந்தையில் இறங்கலாமா? ஆப்பிள் ஜெயித்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் சறுக்கியது ஏன்?

2007 ஜனவரி 9. சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ஐபோனைக் கையில் தூக்கிக் காட்டிய ஸ்டீவ் ஜாப்ஸ், அதே மேடையில் கம்பெனியின் பெயரையும் மாற்றினார். அதுவரை 'ஆப்பிள் கம்ப்யூட்டர்' என்று இருந்தது, அன்று முதல் வெறும் 'ஆப்பிள்' ஆனது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அப்போது ஸ்மார்ட்போனில் பெரிய பெயராக இருந்த பாம் நிறுவனத்தின் தலைவர் எட் காலிகன் ஒரு கருத்து சொல்லியிருந்தார். ஒரு நல்ல போன் செய்ய நாங்கள் பல வருடம் கஷ்டப்பட்டிருக்கிறோம், கம்ப்யூட்டர் செய்கிறவர்கள் திடீரென்று உள்ளே வந்து ஜெயித்துவிட முடியாது என்பதே அதன் சாரம். இன்றும் இணையத்தில் இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆப்பிள் விஷயத்தில்தான் அவர் கணக்கு தப்பியது. டெல், எச்.பி., மைக்ரோசாஃப்ட் என்று பின்னால் வந்தவர்கள் விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது!

அப்போ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி செல்போன் சந்தைக்குள் வரலாமா, கூடாதா? வரலாம். ஆனால் கம்ப்யூட்டர் விற்ற அதே பழக்கத்தோடு வந்தால் தேறாது. எப்படி என்று பார்ப்போம்.

ஆப்பிளுக்கு மட்டும் எப்படி ஓடியது?

ஆப்பிள் நேராக ஐபோனில் குதிக்கவில்லை. 2005-ல் மோட்டோரோலாவோடு கூட்டு சேர்ந்து 'ராக்கர்' என்று ஒரு போன் வந்தது. ஐடியூன்ஸ் பாட்டு அதில் கேட்கலாம், ஆனால் 100 பாட்டுதான் ஏற்ற முடியும். எடுபடவில்லை. அடுத்தவர் போனில் நம் சாஃப்ட்வேரை ஒட்டினால் வேலைக்கு ஆகாது என்பது அங்கேயே தெரிந்துபோனது.

இன்னொரு பக்கம் ஒரு பயமும் இருந்தது. அன்று ஆப்பிளின் பெரிய வருமானம் ஐபாட். எல்லா போனிலும் பாட்டு வந்துவிட்டால் ஐபாடை யார் வாங்குவார்கள்? யாரோ ஒருவர் ஐபாடை காலி பண்ணுவதற்குப் பதில் நாமே செய்துவிடலாம் என்று இறங்கினார்கள். இந்தத் துணிச்சல்தான் மற்ற கம்பெனிகளிடம் இல்லாதது.

ஐபாட் செய்த அனுபவமும் கைகொடுத்தது. சின்ன பேட்டரி, மெமரி சிப்பை மொத்தமாக வாங்கும் பலம், கடைத்தெருவில் சொந்த ஷோரூம், ஐடியூன்ஸில் கார்டு விவரத்தோடு கணக்கு வைத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் ஏற்கனவே தயார். அதாவது ஆப்பிள் உள்ளே வந்தபோது அது வெறும் கம்ப்யூட்டர் கம்பெனியே இல்லை.

இவ்வளவு இருந்தும் ஜாப்ஸ் வைத்த இலக்கு என்ன தெரியுமா? 2006-ல் உலகம் முழுக்க விற்ற சுமார் 95.7 கோடி போன்களைக் காட்டி, அதில் 1 சதவீதம், அதாவது 2008-ல் 1 கோடி போன் விற்றால் போதும் என்றார். மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், கீபோர்டே இல்லாத இந்த 500 டாலர் போனை யார் வாங்குவார்கள் என்று கேமரா முன்னால் சிரித்தார். 2008 ஜூலையில் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. அதற்கப்புறம் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

49 நாளில் கடையை மூடிய எச்.பி.

காலிகன் தலைமை தாங்கிய அதே பாம் நிறுவனத்தை 2010-ல் வாங்கியது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிதான். எச்.பி. கொடுத்த விலை 120 கோடி டாலர். பாமின் வெப்ஓஎஸ் சாஃப்ட்வேர் நன்றாகவே இருந்தது. ஆனால் வாங்கிய சில மாதங்களில் எச்.பி.யின் தலைவர் மாறினார், புதிதாக வந்தவருக்கு வேறு திட்டம். 2011 ஜூலை 1-ல் கடைக்கு வந்த டச்பேட் டேப்லெட்டையும், கூடவே போன்களையும் ஆகஸ்ட் 18-ல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். மொத்தம் 49 நாள். மீதி இருந்த டேப்லெட்டை 99 டாலருக்குத் தள்ளிவிட்டபோதுதான் கூட்டம் அலைமோதியது.

உங்கள் வீட்டில் எல்.ஜி. ஸ்மார்ட் டிவி இருந்தால், அதில் ஓடுவது பெரும்பாலும் அந்த வெப்ஓஎஸ்தான். 2013-ல் எல்.ஜி. அதை வாங்கிக்கொண்டது.

டெல் கதை இன்னும் சின்னது. 2010-ல் 5 அங்குலத் திரையோடு 'ஸ்ட்ரீக்' வந்தபோது, இவ்வளவு பெரிய போனா என்று முகம் சுளித்தார்கள். இன்று அந்த அளவு சின்ன போன் கணக்கில் வரும்! ஐடியா தப்பில்லை. ஆர்டர் வந்த பிறகு வாடிக்கையாளர் கேட்டபடி கம்ப்யூட்டரைப் பூட்டி அனுப்புவதுதான் டெல்லின் பலம். போனில் அந்தப் பலத்துக்கு வேலையே இல்லை. 2012-ல் ஸ்மார்ட்போனை விட்டே வெளியேறியது.

லெனோவோ 2008-ல் தன் மொபைல் பிரிவை 10 கோடி டாலருக்கு விற்றது. மறு வருடமே அதே பிரிவை 20 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கியது. ஐபோன் வந்த பிறகு வெளியே நிற்க முடியாது என்ற பயம்தான் காரணமாக இருக்க முடியும். 2014-ல் கூகுளிடமிருந்து மோட்டோரோலாவையும் 291 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று நீங்கள் வாங்கும் மோட்டோரோலா போன் லெனோவோவுடையதுதான். ஜெயித்தது என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், தாக்குப்பிடித்து நிற்கிறது. காரணம், சொந்தமாக ஓ.எஸ். செய்கிறேன் என்று கிளம்பாமல் ஆண்ட்ராய்டிலேயே இருந்துகொண்டது.

மைக்ரோசாஃப்ட் எங்கே கோட்டை விட்டது?

பணமும் ஆளும் இல்லாமல் தோற்ற கதை இல்லை இது. விண்டோஸ் போன் 2010-ல் வந்தபோது ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஏற்கனவே ஊன்றிவிட்டன. ஆள் குறைவு என்பதால் ஆப் செய்கிறவர்கள் வரவில்லை, ஆப் இல்லை என்பதால் ஆள் வரவில்லை. கூகுள் இதற்கென்று ஒரு யூடியூப் ஆப் கூடச் செய்து தரவில்லை. 2013-ல் மைக்ரோசாஃப்டே ஒன்றைச் செய்தபோது, கூகுள் அதையும் முடக்கியது.

இந்த நிலையில்தான் 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் பிரிவை 544 கோடி யூரோ ஒப்பந்தத்தில் வாங்க முடிவெடுத்தார்கள். உள்ளே கருத்துக் கேட்டபோது, தான் வேண்டாம் என்று வாக்களித்ததாக சத்யா நாதெல்லா பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதினார். போனில் மூன்றாவதாக ஒரு கூட்டம் எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. விதியைப் பாருங்கள், அந்த ஒப்பந்தம் 2014 ஏப்ரலில் முடிந்தபோது நாற்காலியில் இருந்தவர் அவரேதான். அடுத்த வருடம் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்.

லூமியா வாங்கி நம்பியிருந்தவர்களுக்கு 2019 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப்பும் நின்றது. ஐபோனுக்கோ ஆண்ட்ராய்டுக்கோ மாறிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவுரை சொன்னது.

ஸ்ரீபெரும்புதூரில் விழுந்த அடி

இந்தக் கணக்கில் நம்ம ஊரும் இருக்கிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையில் பல ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள், இளம்பெண்களே அதிகம். நோக்கியா மீது வருமான வரித்துறை போட்ட வழக்கில் ஆலை முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் வாங்கிய பட்டியலில் அது சேரவில்லை. ஆலை நோக்கியாவிடமே இருந்து, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் போன் செய்து கொடுத்தது.

இதன் அர்த்தம் என்னவென்றால், ஆர்டர் தருகிற ஒரே ஆள் மைக்ரோசாஃப்ட். சாதாரண போன்களைக் குறைக்கிறோம் என்று அது முடிவெடுத்து ஆர்டரை நிறுத்தியதும் அடுத்த வாடிக்கையாளர் கிடையாது. அதற்கு முன்பே விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. வரி வழக்கு மட்டும்தான் காரணம் என்று அன்று பேசப்பட்டது பாதி உண்மைதான். விண்டோஸ் போன் ஓடியிருந்தால் ஆர்டர் வந்திருக்கும்.

பூட்டிக் கிடந்த அந்த ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. போன் சார்ஜர் செய்கிற கம்பெனி அது. அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒருவர், 2007-ல் பெயரிலிருந்து 'கம்ப்யூட்டரை' எடுத்த ஆப்பிள்.