மிதிவண்டியும் கலவைச் சட்டியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். பணம், ஆள், பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இவ்விரண்டும் நிறைவேறா. இவற்றுள் முதலாவதான வீடு கட்டும் பணிக்கு, மேலைநாட்டு இளைஞர் சிலர் ஒரு புதுமையான வழியில் தோள்கொடுத்து வந்துள்ளனர். கூட்டமாக மிதிவண்டி ஏறி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை செல்கின்றனர். வழியில் ஆங்காங்கே இறங்கி, வீடற்ற ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையில் ஓரிரு நாள் கைகொடுக்கின்றனர். பிறகு அடுத்த ஊருக்குப் புறப்படுகின்றனர். இம்முறை எவ்வாறு தோன்றியது? செங்கற்பட்டில் பயிலும் நமக்கு இதில் பொருந்துவது எது, பொருந்தாதது எது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோன்றிய வரலாறு

ஊர்விட்டு ஊர் சென்று பிறர் வீட்டைக் கட்டித் தரும் தொண்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபின் 1920-இல், பியர் செரசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர், பிரான்சில் வெர்தன் போர்க்களத்தின் அருகே இடிந்து கிடந்த ஒரு சிற்றூரைச் சீரமைக்கத் தொண்டர் குழு ஒன்றைத் திரட்டினார். நேற்றுவரை பகைவராயிருந்த நாட்டினரும் அதில் ஒன்றாக உழைத்தனர். அதே செரசோல், 1934 ஜனவரியில் பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கத்திற்குப் பின் இந்தியாவுக்கு வந்து, அங்கும் கிராமங்களை மீண்டும் கட்டும் பணியில் ஈடுபட்டார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1976-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்டு புல்லரும் அவர் துணைவியார் லிண்டாவும் 'ஹேபிடாட் ஃபார் ஹியுமானிடி' என்னும் அமைப்பைத் தொடங்கினர். வீடு பெறுபவரும் தம் உடலுழைப்பைப் பங்காகத் தர வேண்டும் என்பது இவ்வமைப்பின் அடிப்படை விதி. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் இதில் சுத்தியல் பிடித்து வேலை செய்தார். 2006 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே நூறு வீடுகள் கட்டும் பணிக்கும் அவர் வந்திருந்தார். 2000-க்குப் பின் 'பைக் அண்டு பில்டு' போன்ற குழுக்கள் இத்தொண்டோடு மிதிவண்டியையும் இணைத்தன. புல்லர் பிற்காலத்தில் நிறுவிய மையமும் 2008 முதல் இத்தகைய பயணங்களை நடத்தியது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய முன்னோடி உண்டு. தொழுநோயாளருக்காக ஆனந்தவனத்தை உருவாக்கிய பாபா ஆம்தே, 1985 டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரை நோக்கி 'பாரத் ஜோடோ' பயணத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். முதுகெலும்பு நோயால் நிமிர்ந்து உட்கார இயலாத நிலை. அவர் வண்டியில் படுத்தபடி வர, நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞரும் இளம்பெண்களும் மிதிவண்டியில் உடன் சென்றனர். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்! அது வீடு கட்டும் பயணமன்று, ஒற்றுமைப் பயணம். ஆயினும் மாணவரை மண்வெட்டி பிடிக்க வைக்கும் உழைப்பு முகாம்களைச் சோம்நாத்தில் ஆண்டுதோறும் நடத்தியவரும் அவரே. சக்கரமும் மண்வெட்டியும் ஒரே மனிதரின் சிந்தனையில் இடம்பெற்றிருந்தன என்பதே நாம் கருதத்தக்கது.

ஏன் மிதிவண்டி?

ஒரே தொலைவைக் கடக்க, நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிவண்டியில் செல்பவருக்குத் தேவைப்படும் என்பர் அறிவியலார். பெட்ரோல் வேண்டா, பயணச்சீட்டு வேண்டா. பஞ்சர் ஒட்டும் பசையும் ஒரு பம்பும் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் 2001-02-இல் மாணவியர் சிலருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், அரசுப் பள்ளியில் மேல்நிலை பயின்ற நம்மில் பலரிடம் ஒரு வண்டி இருக்கிறது. என்னிடம் உள்ளதும் அவ்வாறு வந்ததே. எங்கள் குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்த வண்டிதான் என்னை அங்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பேருந்தில் போகிறவர் ஊரின் பெயர்ப்பலகையைப் பார்க்கிறார். மிதிவண்டியில் போகிறவர் ஊரைப் பார்க்கிறார். கடைக்கால் மட்டும் போட்டுப் புதர் மண்டிக் கிடக்கும் வீடு எது, சுவர் எழும்பிக் கூரையின்றி நிற்கும் வீடு எது என்பது மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் கண்ணுக்கே தெரியும்.

வீட்டிற்கும் ஒரு நாட்காட்டி உண்டு

இனி, இம்முறையின் குறைபாட்டைக் காண்போம். பயணிக்கு ஒரு நாட்காட்டி: இன்று இவ்வூர், நாளை அடுத்த ஊர். வீட்டிற்கோ வேறொரு நாட்காட்டி. அதை எழுதுவது சிமெண்டின் வேதியியல்.

சிமெண்டு காய்வதால் இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீருடன் வினைபுரிந்து, நுண்ணிய கூழ்மப் பொருளாக மாறி, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கின்றன. இவ்வினை நாள்கணக்கில் நடைபெறும். இடையில் நீர் வற்றினால் வினை நின்றுவிடும், வலிமையும் குறையும். ஆகவேதான் கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாள், வெயிலும் வறட்சியும் மிகுந்தால் 10 நாள், ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும் என இந்தியத் தர விதி கூறுகிறது. முழு வலிமையைக் கணக்கிடுவது 28-ஆம் நாளில்.

செங்கல்லுக்கும் இதே நியாயம்தான். நனைக்காத செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். எனவே கட்டுமுன் கல்லை நனைத்தாக வேண்டும். கட்டும் சுவரையும் ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் எழுப்பலாகாது. அடிக்கலவை இறுகுமுன் மேற்பாரம் ஏறினால் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது.

கடற்கரையில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மாமல்லபுரம் பகுதியில் கைக்கெட்டும் தொலைவில் கடல்மணல் கிடைக்கிறது. ஆனால் அதைக் கலவையில் சேர்க்கலாகாது. அதிலுள்ள குளோரைடு உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயரும். உப்புக்கரிக்கும் கிணற்று நீருக்கும் இதே தடை உண்டு.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு உடலுழைப்பு வேண்டும்? 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 90 மனித நாள் கூலியை வேலை உறுதித் திட்டத்திலிருந்து தர வழிசெய்தனர். 'திறனற்ற உழைப்பு' என்பது அதற்கு அரசு ஏடுகள் தரும் பெயர். (தலையில் கல்லை அடுக்கிக்கொண்டு, பிடிமானமின்றிச் சாரத்தில் ஏறும் பெண்ணைப் பார்த்தவர் அச்சொல்லைச் சொல்லத் தயங்குவர்.) அந்தக் கணக்கின்படி, 90 பேர் மிதிவண்டியில் வந்து ஒரே நாளில் ஒரு வீட்டை முடித்துவிடலாமா? முடியாது. சுவர் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏறாது. சிமெண்டும் காத்திருக்கச் சொல்லும். மிஞ்சியவர் நிழலில் உட்கார வேண்டியதுதான். ஆள்பலம் மட்டும் வீட்டைக் கட்டிவிடாது. ஆட்கள் தக்க நாளில் வந்து, மீண்டும் மீண்டும் வர வேண்டும்.

ஒரு சித்தாளின் கேள்வி

என் தாயார் கட்டட வேலையில் சித்தாள். இக்கட்டுரைக்காகப் படித்தவற்றை அவரிடம் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க பத்துப் பேரு சும்மா வந்து கல்லு சுமந்தா, அன்னிக்கு எங்க கூலிக்கு நாங்க எங்க போறது?"

எந்த நூலும் கேட்காத கேள்வி இது. தொண்டு என்னும் பெயரால் ஓர் ஏழையின் வீட்டை இலவசமாகக் கட்டி, இன்னோர் ஏழையின் அன்றைய அடுப்பை அணைப்பது அறமாகுமா?

விடை அமெரிக்கப் பயணங்களின் கணக்கிலேயே இருக்கிறது. அங்கு ஒவ்வொருவரும் புறப்படுமுன் சில ஆயிரம் டாலர் நன்கொடை திரட்டியாக வேண்டும். கைபழகாத இளைஞர் அடித்த ஆணிகளைவிட, அவர்கள் திரட்டிய நிதியே வீடுகளுக்குப் பேருதவியாயிற்று எனலாம். நாமும் அவ்வாறே செய்யலாம். வழியெங்கும் திரட்டும் தொகை முதலில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகச் சேர வேண்டும். மாணவர் செய்யும் வேலையோ, கூலி கொடுக்க வழியின்றி நின்றுபோன வேலையாக மட்டுமே இருக்க வேண்டும்.

அத்தகைய வேலை உண்டா? உண்டு. அரசின் வீட்டுத் திட்டங்களில் பணம் ஒரே தவணையில் வருவதில்லை. கடைக்கால், சுவர், தளம் எனக் கட்டம் முடிய முடியவே வரும். 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் எனக் கூறி, அதைக் கட்டங்களாகவே பகுத்தனர். முதல் கட்டத்தை முடிக்கக் கையில் காசில்லாதவருக்கு அடுத்த தவணை வராது. தவணை வராததால் வேலை நகராது. இங்கே பள்ளம் தோண்டவும், மண் நிரப்பித் திமிசு போடவும் பத்துப் பேர் வந்தால், நின்ற வீடு மீண்டும் நகரும். வீடு நகர்ந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை பிறக்கும். இவ்வாறு விளக்கியபின் என் தாயார், "அப்படின்னா சரி, ஆனா கல்லு அடுக்குறதை எங்க கிட்ட கத்துக்கிட்டுத்தான் தொடணும்" என்றார்.

நம் பாதை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மிதிவண்டிக்கு இரண்டரை மணி நேரம். கிழக்கு நோக்கிச் செல்வதால், கடற்காற்று எதிர்த்து வீசுமுன், விடியலிலேயே புறப்பட வேண்டும். மாலையில் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளின் வேகம் அதிகம். ஒருவர்பின் ஒருவராக ஒரே வரிசையில் செல்வதும், பின்விளக்கு வைப்பதும் கட்டாயம்.

இக்கரைக்கு வீட்டின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை மீனவர் குப்பங்களைத் தாக்கியது. அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்துத் தமிழகக் கரையெங்கும் புதுக் குடியிருப்புகளை எழுப்பின. அதற்கடுத்த ஆண்டில் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, மணலுக்கடியில் பழங்காலத்துச் செங்கற்கோயில் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. கட்டுவதும், கடல் கொள்வதும், மீண்டும் கட்டுவதும் இம்மண்ணுக்குப் பழக்கமானவை.

நாம் நாட்டைக் கடக்க வேண்டியதில்லை. ஒரே பாதையில் பலமுறை செல்வதே நமக்கு ஏற்றது. பன்னிரண்டு மாணவர் சனி விடியலில் புறப்பட்டு, இரு நாளும் உழைத்து, ஞாயிறு மாலை திரும்புவதாகக் கொள்வோம். அவ்வாறு நான்கு முறை சென்றால் 96 மனித நாள். ஒரு வீட்டுக்குச் சொன்ன 90-ஐ அது தாண்டிவிடுகிறது. அந்த நான்கு பயணங்களையும் அடுத்தடுத்த வாரங்களில் அமைக்கலாகாது. கடைக்காலுக்கு ஒன்று, மண் நிரப்ப ஒன்று, சுவருக்குக் கல் சுமக்க ஒன்று, தளம் போடும் நாளுக்கு ஒன்று என, மேஸ்திரி சொல்லும் நாளில் அமைக்க வேண்டும். இடைப்பட்ட நாள்களில் தண்ணீர் விடும் பொறுப்பு வீட்டாருடையது.

1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். நாளுக்கு ஆறு மணி எனக் கொண்டால், மேற்கூறிய நான்கு பயணங்களுக்கு ஒருவருக்கு 48 மணி நேரமே ஆகும். வண்டி இருக்கிறது, நேரம் இருக்கிறது, பாதையும் தெரிகிறது. இனி வேண்டுவது, ஊராட்சியில் கேட்டறிந்து, பாதியில் நிற்கும் ஒரு வீட்டைத் தேர்வதும், அவ்வீட்டாரின் சம்மதத்தைப் பெறுவதுமே. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், வரும் பருவத்திலேயே முதற் பயணத்தைத் தொடங்கலாம். பன்னிரண்டு பேரில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதமுள்ள பதினொரு பேரும் இதைப் படிப்பவர்களுள் இருப்பார்கள் என நம்புகிறேன்.