தங்கவயலில் துயில்வோர்

கருநாடகத்துக் கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். மேற்பார்வையாளர் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினின்றும், தொழிலாளர் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களினின்றும் வந்தனர். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்களில், பாறை வெடித்துச் சிதறியும், கற்றூசி நுரையீரலிற் படிந்தும் மாண்டோர் பலர்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்பு நாடிப் பலர் வெளியூர் சென்றனர். பேணுவாரற்ற கல்லறைகளைப் புதர் மூடிற்று. வெள்ளையர் கல்லறைகளில் பெயர் பொறித்த கற்களேனும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் பலருக்கோ வெறும் மண்மேடே அடையாளம். அதனையும் மழை கரைத்துவிடும்.

அயல் மாநிலங்களில் வாழும் நாம், நம் முன்னோரின் பெயரையும், பிறந்த ஊரையும், அடக்கமான இடத்தையும் வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்போமாக.