அந்தியில் அடைக்க வேண்டிய பறவை

பொழுது சாய்ந்தால் நாட்டுக்கோழி தானாக மேலே ஏறிவிடும். முருங்கைக் கிளை, மாட்டுக் கொட்டகை உத்தரம், ஓட்டுச் சரிவு, எது வாய்த்தாலும் சரி. வாத்துக்கு அந்த வழி இல்லை. நாம் வளர்ப்பவற்றில் மணிலா வாத்தைத் தவிர மற்றதெல்லாம் மல்லார்டு என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாக வளர்ப்பில் இருந்து உடல் கனத்துவிட்டது, பறக்கும் திறன் போய்விட்டது. சவ்வுக்கால் கிளையைப் பற்றாது. தரையில்தான் படுக்கும். கூப்பிடாவிட்டால் இருட்டிய பிறகும் வாய்க்காலை விட்டு வராத வாத்துகள் உண்டு. கொல்லையில் நாலைந்து வாத்து விட்டிருப்பவர் தினமும் அந்தியில் அவற்றை ஓட்டி வந்து அடைத்தே ஆக வேண்டும். ஒருநாள் மறந்தாலும் அன்றைக்கே நரியோ நாயோ வந்துவிடலாம்.

அதற்காக வாத்து எச்சரிக்கை இல்லாத பறவை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் ராட்டன்போர்க்கும் உடன் ஆய்வாளர்களும் மல்லார்டுகளை வரிசையாகத் தூங்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், வரிசையின் நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டன. ஆபத்து வருவது வாத்துக்குத் தெரியும். காட்டு வாத்து எழுந்து பறந்துவிடும். நம் வீட்டு வாத்து சத்தம்தான் போட முடியும்.

வந்தது யார் என்பதைக் காலையில் தடயத்தை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். வாத்தே காணாமல் போய், வேலி வரை இறகு சிந்திக் கிடந்தால் நரி அல்லது காட்டுப்பூனை. பல உடல்கள் குதறிக் கிடந்து ஒன்றும் தின்னப்படாமல் இருந்தால் தெருநாய். கழுத்திலும் தலையிலும் மட்டும் சிறு பற்காயம் என்றால் கீரியையோ மரநாயையோ சந்தேகிக்கலாம். முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கும்.

ஒன்றைத் தின்பதற்குப் பத்தைக் கொன்று போடுவது ஏன் என்று வளர்த்தவர் மனம் பதறும். வெறி பிடித்த விலங்கு என்று சொல்வதுண்டு. விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் இதை ஆராய்ந்து 1972இல் எழுதினார். இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் மணல்மேடுகளில் தரையில் அடைகாக்கும் கடற்காகங்களை, கும்மிருட்டு இரவுகளில் செந்நரிகள் ஏராளமாகக் கொன்றுவிட்டுத் தின்னாமல் போயிருந்தன. இருட்டில் அந்தப் பறவைகள் எழுந்து பறக்கவில்லை. வயிறு நிறைந்தால் இரையைத் தேடி அலைவது நின்றுவிடும், ஆனால் தப்பி ஓடாத இரை கண்முன் இருக்கும்வரை கடிக்கும் உந்துதல் நிற்பதில்லை என்றார் குரூக். ஓட இடமில்லாத வாத்துக் கூண்டுக்குள் நடப்பதும் இதுவே. ஓட்டையுள்ள கூண்டு திறந்த கொல்லையைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான். புகுந்தது ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை எதுவும் தப்பாது.

ஆகவே காசைக் கம்பிவலையில் போடுங்கள். கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை தருவார்கள். கோழியை உள்ளே நிறுத்தத்தான் அது உதவும். நாய் பல்லால் கிழித்துவிடும். கண் பெரிதாக இருந்தால் வாத்து தலையை வெளியே நீட்ட, வெளியே நிற்பது கவ்வி இழுக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்க வேண்டும். அதை ஆணி மடக்கி அடித்தால் நாளடைவில் பெயர்ந்து வரும். வலைமேல் மரச்சட்டம் வைத்துத் திருகாணி முடுக்கினால் நிற்கும். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, சுவர் வலையோடு கட்டி, மேலே மண்ணும் கல்லும் பரப்பிவிட்டால் அதன் நகம் கம்பியில் முட்டும். இரண்டடி தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது.

பலர் கவனிக்காத இடம் கூரை. அலைத்தகரம் சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு அலைக்கும் கீழே ஒரு சந்து இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள். பாம்புக்கு அது போதும். காற்று வர மேல்பக்கம் திறப்பு கட்டாயம் வேண்டும், வாத்து மூச்சிலும் எச்சத்திலும் ஈரம் அதிகம். ஆனால் அந்தத் திறப்பிலும் வலை இருக்கட்டும். ஒரு வாத்துக்கு மூன்று, நான்கு சதுர அடி இடம் தேவை. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, நாய் மூக்கால் நெம்பிவிடும். தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுங்கள்.

இரவில் தீவனத்தை உள்ளே விட்டுவைக்க வேண்டாம். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். காலையில் அவசரப்பட்டுத் திறக்கவும் வேண்டாம். வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலை ஒன்பது மணிக்குள்ளும் முட்டையிடும். அதுவரை அடைத்து வைத்தால் முட்டை வாய்க்காலில் போகாமல் கையில் கிடைக்கும், விடியற்காலையில் சுற்றும் நரியும் ஏமாறும்.

வாத்தை ஓட்டி வருவது எளிது. கூட்டமாக நகர்வது அதன் இயல்பு. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் வாத்து மேய்ப்பவர்கள் ஒரு நீளக் குச்சியை வைத்தே மொத்தத்தையும் திருப்புவார்கள். இரவில் வலை கட்டிப் பட்டி போட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். காவலுக்கு ஆள் இருப்பதால் அவர்களுக்கு வலை போதும். வீட்டுக்குள் தூங்கும் நமக்குப் போதாது.

விஷம் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கீரி, நரி, உடும்பு, மலைப்பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். எலியைக் குறைத்துக்கொண்டிருந்ததே அதுதான்.

குஞ்சுகளுக்குப் பகலிலும் காவல் தேவை. காக்கி கேம்பல் போன்ற முட்டை வாத்துகள் அடைக்கு உட்காருவது அபூர்வம் என்பதால் அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைப்பது நம் ஊர் வழக்கம். 28 நாளில் பொரிக்கும். பருந்து நிழல் விழுந்தால் கோழி குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் வாங்கும், காகத்தை எதிர்த்துப் பாயும். ஆனால் குஞ்சுகள் தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும், கோழி கரையில் நின்று தவிக்கும். அதனால் முதல் சில வாரங்களுக்குக் குளம் வேண்டாம். பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வைத்து, குடிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் போதும். எட்டு வாரத்தில் இறகு நிறைந்துவிடும். பிறகு பெரிய வாத்துகளோடு சேர்த்து மேயவிடலாம்.