ஒற்றைக் காலில் ஆடும் பனிக்கரடி!

கல்லைச் செதுக்கிப் பசியை வென்ற பனிநாட்டு மக்கள்

கல்லால் ஆன ஒரு கரடி. அது ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஆடுகிறது!

அது பனிக்கரடி. உயிருள்ள ஆண் பனிக்கரடி ஒன்று 600 கிலோ எடைகூட இருக்கும். ஒரே அடியில் ஆளைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட பயங்கர மிருகத்தைக் குழந்தை போல ஆட வைத்தவர், பவுத்தா சைலா என்ற சிற்பி.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சிற்பம் படித்தவர் அல்ல, வேட்டைக்காரர். கரடியை நேருக்கு நேர் பார்த்தவர். 2009-ம் ஆண்டில் அவர் காலமானார். அவர் செய்த கரடிகள் கனடா நாட்டுப் பொருட்காட்சி சாலைகளில் இன்றும் ஆடிக்கொண்டு இருக்கின்றன.

மரம் இல்லாத ஊர்

பவுத்தா வாழ்ந்த ஊரின் பெயர் கின்னைட். 2020-ம் ஆண்டு வரை அதற்குக் கேப் டார்செட் என்று பெயர். கனடாவின் வடக்குப் பகுதியில், பாபின் தீவை ஒட்டி இருக்கிறது. சுமார் 1,400 பேர் வசிக்கிறார்கள். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. பாறையும் பனியும் கடலும்தான்!

இந்த மக்களை முன்பு "எஸ்கிமோ" என்றார்கள். அது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை "இனுயிட்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். இனுயிட் என்றால் மனிதர்கள் என்று பொருள்.

நெல் விளையாது. கீரை முளைக்காது. பிறகு எப்படி உயிர் வாழ்ந்தார்கள்?

மிருகங்களால்தான். சீல் என்னும் கடல்நாயின் இறைச்சி, உணவு. அதன் தோல், சட்டையும் செருப்பும் படகும். அதன் கொழுப்பு, விளக்குக்கு எண்ணெய். அந்த விளக்கையே மாக்கல்லில் குடைந்து செய்தார்கள். நம் வீட்டுக் கல்சட்டி இருக்கிறதே, அதே வகைக் கல்.

சீலுக்குத் தண்ணீர்

சீல் கடலுக்குள் வாழ்ந்தாலும், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதற்காகப் பனிக்கட்டியில் துவாரம் வைத்திருக்கும். வேட்டைக்காரர் ஈட்டியுடன் அந்தத் துவாரத்தின் அருகே நிற்பார். அசையக் கூடாது. இருமக் கூடாது. மணிக்கணக்காக நிற்க வேண்டும். பனிக்கரடியும் இதே போலத்தான் துவாரத்தின் அருகே காத்திருக்கும். இருவருக்கும் ஒரே தொழில்!

சீல் கிடைத்துவிட்டால், அதன் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். உப்புக் கடலில் வாழும் சீலுக்குத் தாகம் இருக்குமாம். தண்ணீர் கொடுத்தால், அது மனம் மகிழ்ந்து மறுபடியும் பிறந்து வரும் என்று நம்பினார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. கடலுக்கு அடியில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய தகப்பனாரே அவளைப் படகில் இருந்து தள்ளி, விரல்களை வெட்டினார். வெட்டுண்ட விரல்களே சீலாகவும், திமிங்கலமாகவும், தந்தம் உள்ள வால்ரஸாகவும் மாறின. மனிதர்கள் தவறு செய்தால் அவள் தலைமுடியில் சிக்கு விழும். அவள் மிருகங்களை வெளியே விட மாட்டாள். அப்போது மந்திரவாதி கடலுக்குள் போய், அவள் தலையைச் சீவிவிட வேண்டும்! விரல் இல்லாதவள் தானே எப்படிச் சீவிக்கொள்வாள்?

இனுயிட் சிற்பங்களில் மீன் வாலுடன் ஒரு பெண் இருந்தால், அவள் இவள்தான். பாதி மனிதனும் பாதி கரடியுமாக ஓர் உருவம் இருந்தால், அது மந்திரவாதி. மிருகம் வேறு, மனிதன் வேறு என்ற பெரிய சுவர் அவர்கள் மனதில் இல்லை.

நரியும் போயிற்று

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு வாழ்க்கை மாறியது. இனுயிட் மக்கள் நரியைப் பிடித்து, அதன் தோலைக் கடையில் கொடுத்து, மாவும் தேயிலையும் தோட்டாவும் வாங்கினார்கள். 1940-களின் கடைசியில் நரித் தோலின் விலை விழுந்தது. குடும்பங்கள் பட்டினியை எதிர்நோக்கின.

அந்தச் சமயத்தில், 1948-ம் ஆண்டில், ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடா ஓவியர் படம் வரைவதற்காக வடக்கே போனார். இனுக்ஜுவாக் என்ற ஊரில் ஓர் இனுயிட்காரர், கல்லில் செய்த சிறிய கரிபு மான் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்.

ஹூஸ்டன் அதை மாண்ட்ரியல் நகரில் உள்ள கைத்தொழில் சங்கத்தாரிடம் காட்டினார். சங்கம் பணம் கொடுத்து, அவரை மறுபடியும் அனுப்பியது. 1949-ம் ஆண்டு நவம்பர் மாதம் மாண்ட்ரியலில் விற்பனை நடந்தது. மூன்றே நாளில் எல்லாம் விற்றுப் போயின!

அரசாங்கமும் துணைக்கு வந்தது. எது விற்கும் என்று படம் போட்டு, 1951-ம் ஆண்டில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், உருவங்கள் செதுக்கிய மரக் கம்பத்தின் படமும் இருந்தது. அது மேற்குக் கடற்கரையில் வேறு மக்கள் செய்வது. மரமே இல்லாத ஊருக்கு மரக் கம்பமா? நல்ல வேளையாக, அந்தப் புத்தகத்தைவிடத் தங்கள் கண்ணால் பார்த்த சீலும் கரடியுமே அவர்கள் கைக்கு நன்றாக வந்தன.

ஆரம்பத்தில் செய்த சில உருவங்களுக்கு அடிப்பாகம் கிடையாது. மேஜையில் வைத்தால் உருண்டுவிடும். அவை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்காகச் செய்தவை.

பெயருக்குப் பதில் எண்

பழைய சிற்பங்கள் சிலவற்றின் அடியில் பெயர் இருக்காது. ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அது விலை அல்ல, செய்தவரின் எண்!

இனுயிட் பெயர்களை எழுதவும் சொல்லவும் அதிகாரிகளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே 1941-ம் ஆண்டு முதல் ஆளுக்கு ஒரு வட்டமான வில்லை கொடுத்தார்கள். அதில் ஒரு எண். கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மனிதருக்கு எண், கல் கரடிக்கோ கண்ணாடிப் பெட்டி!

1968-ம் ஆண்டில் ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் புறப்பட்டார். ஊர் ஊராகப் போய், "உங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர் வேண்டும்?" என்று கேட்டு எழுதினார். 1971 வரை இந்த வேலை நடந்தது. இன்று பொருட்காட்சி சாலைகள் பழைய எண்களைப் பட்டியலில் தேடி, சிற்பியின் பெயரைக் கண்டுபிடித்து எழுதிவைக்கின்றன.

போலிகளும் வந்தன

பெயர் வந்தால் போலியும் வரும். வெளியூர்களில் அச்சில் வார்த்த கரடிகள் கடைகளில் குவிந்தன. அதைத் தடுக்க, 1958-ம் ஆண்டில் பனிவீடு படம் போட்ட முத்திரைச் சீட்டை அரசாங்கம் கொண்டுவந்தது. கையால் செய்த உண்மைச் சிற்பத்தில்தான் அந்தச் சீட்டு இருக்கும். 2017-ம் ஆண்டில் அந்த முத்திரை, இனுயிட் கலை அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது.

1959-ம் ஆண்டில் கேப் டார்செட் மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். லாபம் ஊருக்கே வந்தது. ஒசுயிட்டோக் இப்பீலி என்ற சிற்பியின் புகழ் அங்கிருந்துதான் பரவியது. கனத்த உடம்புள்ள கரிபு மானை, குச்சி போன்ற கால்களில் கல்லால் நிறுத்தியவர் அவர். உளி கொஞ்சம் தவறினால் கால் போய்விடும்!

ஆனால் வேட்டைக்கு வேறு ஆபத்து வந்தது. 1983-ம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் வெள்ளை சீல் குட்டியின் தோலை இறக்குமதி செய்யத் தடை போட்டன. இனுயிட் மக்கள் அந்தக் குட்டிகளைக் கொல்பவர்கள் அல்ல. இருந்தும் எல்லா சீல் தோலின் விலையும் சரிந்தது. கல் சீலுக்கு மட்டும் தடை இல்லை. உயிரோடு பழகியவனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, அவன் செய்த பொம்மையை அலமாரியில் வைப்பது விசித்திரமான நியாயம்தான்.

கல் தேடும் பயணம்

சிற்பத்துக்கு வேண்டிய பச்சை நிறக் கல் வெகு தொலைவில் கிடைக்கிறது. கோடையில் படகிலும், குளிர்காலத்தில் பனிவண்டியிலும் போய்க் கடப்பாரையால் பெயர்த்து வர வேண்டும்.

முன்பு கோடாரியும் அரமும் போதும். இப்போது மின்சாரக் கிரைண்டர் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் புகை போலத் தூள் பறக்கிறது; நுரையீரலுக்குக் கெடுதல். அதனால் நடுங்கும் குளிரிலும் வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு செதுக்குகிறார்கள். கடைசியில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தால், கல் கண்ணாடி போல் மின்னும்.

சிற்பத்தைத் துணியில் சுற்றிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டு போகிறார்கள். பணம் கைக்கு வருகிறது. சிலை டொரான்டோ நகரத்துக்குப் போகிறது. சிற்பியோ பனிவண்டிக்குப் பெட்ரோலும், துப்பாக்கிக்குத் தோட்டாவும் வாங்குகிறார். மறுநாள் சீல் வேட்டைக்குப் போக அவை வேண்டும்!