கோட்டை, கடல்காற்று எல்லாம் சரி... தரங்கம்பாடியில் குடியிருந்தா எப்படி இருக்கும்?

'ரிட்டயர் ஆனதும் கடலோரமா ஒரு சின்ன ஊருக்குப் போயிடணும்!' இந்த ஆசையைச் சொல்லாத சித்தப்பா, மாமா இல்லாத வீடே கிடையாது. அதுவும் எங்க டி.கல்லுப்பட்டி மாதிரி ஊர்ல கடல் என்றால் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீன்தான். ராஜபாளையம் ரோட்டு லாரி ஹாரனைக் கேட்டுக்கொண்டே மொபைலில் தரங்கம்பாடி ரீல்ஸ் பார்த்தால், பெட்டியைக் கட்டத் தோன்றத்தான் செய்யும்.

வீடியோவில் தெரிவது பொய்யில்லை. 1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. 1701-ம் ஆண்டின் சீயோன் ஆலயம், 1718-ம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம், டேனிஷ்காரர்களின் பழைய வீடுகள், கடைசியில் 1620-ல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டை. அதற்கு அப்புறம் கடல்தான். நிதானமாக நடந்தே ஊரைப் பார்த்துவிடலாம். டிராஃபிக் சிக்னல், மால், தியேட்டர் கூட்டம் எதுவும் குறுக்கே வராது.

'ஓசோன் காற்று வீசும் ஊர்' என்ற பெருமையும் தரங்கம்பாடிக்கு உண்டு. இதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல். நாம் 'கடல் வாசனை' என்று மூச்சை இழுத்து ரசிப்பதில் பெரும்பங்கு, கடலின் நுண்ணுயிர்களால் உருவாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுடையது. காற்று நல்ல காற்றுதான், காரணம் வேறு.

சரி, இந்த ஊர் ஏன் இவ்வளவு அமைதி? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இது பிறவியிலேயே அமைதியான ஊர் இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கப்பல் நிறுத்திய துறைமுகம். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்க், இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். அதன்பின் சில வருஷம் தஞ்சை மாவட்டத்தின் தலைநகரமாகவே இருந்தது. 1860-ல் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துவிட, வியாபாரமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் 1926-ல் வந்தது. 1986-ல் அதுவும் நின்றுபோனது.

ஆக, நாம் போட்டோ எடுக்கும் அமைதி, வேலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனதில் மிஞ்சியது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போவது இங்கே புதுச் செய்தி இல்லை.

ஆனால், ராஜ வீதியை மட்டும் பார்த்துவிட்டு ஊரே தூங்குகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மீனவர் பக்கம் விடியலுக்கு முன்பே நாள் தொடங்கிவிடும். ஃபைபர் படகுகளின் இன்ஜின் சத்தம், கரை திரும்பியதும் ஏலம், கூடைகளோடு பெண்கள், வலையில் கிழிசல் பார்க்கும் பெரியவர்கள்... இவர்களுக்குக் காலண்டர் என்பது காற்று. கொண்டல், வாடை, கச்சான் என்று எந்தக் காற்று எப்படி வீசுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய வருமானம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இந்தத் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 131 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் திறக்கும் ஜூன் மாசத்தில் அதை வைத்து என்ன செய்வது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கடல். 1306-ல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில், அன்றைக்கு இந்த ஊர் சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு மீனவக் குடும்பங்களுக்குக் கரையிலிருந்து தள்ளிப் புது வீடுகள் கட்டப்பட்டன. பாதுகாப்புதான், மறுக்க முடியாது. ஆனால் வாசல் திண்ணையிலிருந்தே அலையைப் பார்த்து 'இன்னிக்குப் போகலாமா' என்று முடிவெடுத்தவர்களுக்கு, கடல் கண்ணுக்குத் தெரியாத வீடு ஒரு தனிக் கஷ்டம்.

இங்கே வீடு பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் ஜன்னல் கிரில், பைக் செயின், ஏ.சி-யின் வெளி யூனிட் எல்லாம் சீக்கிரமே துருப்பிடிக்கும். பெயின்ட் செலவை வருஷா வருஷம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். கல்லூரிக்குப் பக்கத்துப் பொறையார் இருக்கிறது. பெரிய மருத்துவமனை, பெரிய ஷாப்பிங் என்றால் காரைக்காலோ மயிலாடுதுறையோதான். ராத்திரியில் நெஞ்சு வலி வந்தால் அந்தத் தூரம் ரொம்பப் பெரிசாகத் தெரியும். அறுபது வயசுக்கு மேல் குடிபோக நினைப்பவர்கள், கடல் தெரியும் மாடிக்கு முன்னால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

நின்றுபோன ரயிலை மறுபடி விடச் சொல்லி மக்கள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். சுற்றுலாவுக்கு மட்டும் அல்ல, அவசரத்துக்கு ஊரை விட்டு வெளியே போய் வரவும்தான்.

பார்த்துவிட்டு வருவோம் என்பவர்கள் மயிலாடுதுறை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். டிசம்பர், ஜனவரி காலைகள் அருமை. மே மாச மதியத்தில் மட்டும் போய்விடாதீர்கள், கோட்டைச் சுவரே கொதிக்கும்!